காய்ந்த மேட்டு எழுத்தாளர்

வெனியமின் புரோகோபிச்சின் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, பூட்ஸைத்தான் பார்ப்பார். அதில் ஒட்டியிருக்கிற மண்ணையும் சருகையும் வைத்து, வந்தவர் எந்தக் காட்டுப்பக்கம் போய்விட்டு வருகிறார் என்று சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அந்த மார்ச் மாதம் கேக் பெட்டியோடு வாசலில் நின்ற பெண்ணின் பூட்ஸில் ஒரு பொட்டு அழுக்கில்லை. தெம்னோவ்காவில் பனி உருகும் காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. எங்கள் ஊர்ப் பனி விழும்போதே சாம்பல் நிறம். சுரங்கத்துத் தூசி படிந்து படிந்து மார்ச்சில் தார் மாதிரி ஆகிவிடும். ஆகவே இவள் வாசல்வரை காரில் வந்திருக்கிறாள், காரில் வந்தவள் கம்பெனிக்காரி, கம்பெனிக்காரி கேக்கோடு வந்திருக்கிறாள் என்றால் சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று, அவள் வாயைத் திறப்பதற்குள் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவள் பெயர் மிலேனா. நிலக்கரிக் கம்பெனியில் பொதுமக்கள் தொடர்பு வேலை.

"உங்க கட்டுரைங்க எல்லாத்தையும் படிச்சிருக்கேன், வெனியமின் புரோகோபிச்," என்றாள். "எங்கம்மா பத்திரிகையிலேர்ந்து வெட்டி வெச்சிருப்பாங்க. காட்டைப் பத்தி எழுத இந்த மாவட்டத்துலயே உங்கள விட்டா ஆளில்ல. கம்பெனி ஆண்டு விழாவுக்கு எல்லாத்தையும் சேத்து ஒரு புத்தகமா போடலாம்னு இருக்கோம். கெட்டி அட்டை, கலர் படம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நல்ல இலக்கியம். அதுக்குத்தான்."

"அதான், எதுக்கு?"

அவர் மனைவி நோன்னா கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். "அவரு அப்படித்தாம்மா. எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டப்போ, அவரு சரின்னதும், 'ஏன் உடனே சரிங்கறீங்க, பொண்ணுக்கு என்ன கொறை'ன்னு கேட்ட மனுஷன். நீ சாப்பிடு."

வெனியமின் ஊர்க் கொதிகலன் கூடத்தில் கரி அள்ளிப் போட்டுப் பிழைத்தவர். குளிர்காலத்தில் ஊரில் வெந்நீர்க் குழாய்கள் சுட்டது அவர் கையால்தான். கரி அவருக்கு எதிரியில்லை. சோறு போட்டது அதுதான், நெஞ்சில் சளி கட்டவைத்ததும் அதுதான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவார். பறவை வந்த நாள், ஊசியிலை மரத்தின் வாசனை, ஊற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி என்று சின்னச் சின்னக் கட்டுரைகள். மாவட்டப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும். நாங்களெல்லாம் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்போம். முதல் பக்கத்தில் கம்பெனி எத்தனை டன் வெட்டியது என்று இருக்கும். அது எங்களுக்குத் தெரிந்ததுதானே, ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தால் போதும்.

அவர் எழுதியதெல்லாம் ஒரே இடத்தைப் பற்றி. தாலோவ்கா ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் லுகெரியாப் பள்ளம். நடுவில் ஒரு மலைமுதுகு குறுக்கே நின்று காற்றைத் தடுப்பதால் சுரங்கத்துத் தூசி அங்கே போவதில்லை. முதல்முறை அதற்குள் அவர் இறங்கியது ஒரு குளிர்காலத்தில். முப்பது வயது தாண்டிய ஆள், தெம்னோவ்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், அதுவரை வெள்ளைப் பனியைப் பார்த்ததில்லை. பள்ளிப் புத்தகத்துக் கவிதைகளில் எல்லாம் பனி வெள்ளை வெள்ளை என்று வரும். எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தார். அன்றைக்கு மண்டியிட்டு ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அழுதும்விட்டார். அதை மட்டும் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

கோடை முடிவில் அதே பள்ளத்தில் பால் காளான். இலைச் சருகுக்கு அடியில் மறைந்து, பூமி சின்னதாகப் புடைத்துக் கிடக்கும். குச்சியால் விலக்கினால் வெள்ளையாக, கையகலத்துக்கு. ஊறவைத்துக் கசப்பை எடுத்து, பூண்டும் சோயிக்கீரைத் தண்டும் சேர்த்து உப்பில் போட்டால், குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்குக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இங்கேதான் சங்கடம். எங்கள் பக்கத்தில் ஒருவன் சம்பளத்தைச் சொல்லிவிடுவான், வியாதியைச் சொல்லிவிடுவான், மாமியாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காளான் எடுக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். 'எங்க கெடச்சுது?' என்றால் 'காட்டுல' என்பான். கூடைக்கு மேலே நாலு உதவாக்கரைக் காளானைப் பரப்பி, அதற்கு மேல் பெரணி இலையைப் போட்டு மூடி, தெற்கே எடுத்ததை வடக்குத் தெரு வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவான். 'இந்த வருஷம் ஒண்ணுமே இல்லப்பா' என்று முனகிக்கொண்டு வந்தால் கூடை கனக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் தன் ரகசியக் காட்டைப் பற்றி வாராவாரம் பத்திரிகையிலும் எழுதவேண்டும், இடத்தையும் சொல்லக்கூடாது என்றால் என்ன செய்வான்?

வெனியமின் பெயரை மாற்றினார். லுகெரியாப் பள்ளம் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'காய்ந்த மேடு' என்று எழுதினார். காய்ந்த மேடு ஊருக்கு எதிர்ப்பக்கம், சுரங்கத்தை ஒட்டி. அங்கே பட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடியும் உடைந்த லாரி டயரும்தான் உண்டு. ஆனால் அவர் பேனாவில் அங்கே ஊற்று பொங்கியது, கரடி தேன் தேடியது, அருகிப்போன 'குயில் செருப்பு'ப் பூ ஜூன் மாதம் கூட்டமாகப் பூத்தது. ஆரம்பத்தில் ஏமாந்த சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், செந்தட்டி பட்ட காலோடும் கெட்ட வார்த்தையோடும் திரும்பி வந்தார்கள். பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. யாராவது கூசாமல் புளுகினால் 'காய்ந்த மேட்டுல காளான் பொறுக்கின கதை' என்று சொல்லும் அளவுக்குப் பேராகிவிட்டது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

நோன்னாவுக்குக்கூட இடத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு, தங்கைக்கு வாய் உண்டு என்பது அவர் வாதம்.

சந்தேகம் முழுக்கப் பக்கத்து வீட்டு தைசியா சவேலியெவ்னா மேல். சுரங்கத்து விளக்கறையில் தொழிலாளிகளுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆயிரம் முகத்தை ஞாபகம் வைத்திருந்த கண். அந்தக் கண் வேலியில் இருக்கும் ஓட்டை வழியாகத் தன் கூடையைப் பார்க்கிறது என்று அவருக்கு எப்போதும் ஒரு நினைப்பு. ஒரு செப்டம்பரில் லுகெரியாப் பள்ளத்திலேயே, மரங்களுக்கு நடுவே அவளுடைய நீல முக்காட்டைப் பார்த்துவிட்டார். சட்டென்று ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாரே தவிர, அவளும் தன்பாட்டுக்குக் காளான் பொறுக்க வந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மே மாதம் மிலேனா அச்சுத்தாள்களோடு மறுபடி வந்தாள். அவற்றைப் புரட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த ஊத்து, இந்தப் பூ எல்லாம் நெஜமாவே காய்ந்த மேட்டுலதான் இருக்கா?"

வெனியமினுக்குக் காது விடைத்தது. ஓகோ, விஷயம் இதுதானா. கம்பெனி மேலாளர் காளான் பித்து பிடித்தவர் என்று ஊரில் பேச்சு. புத்தகம், கெட்டி அட்டை, கலர் படம் எல்லாம் தூண்டில். மீன் நான்தான்.

"பின்ன எங்க இருக்கும்? எழுதியிருக்கேன் இல்ல," என்றார்.

"இல்ல, ஒரு கட்டுரையில 'தாலோவ்காவைத் தாண்டி, பள்ளத்துல எறங்கினேன்'னு வருது. தாலோவ்கா அந்தப்பக்கமாச்சே."

எப்போதோ தூக்கக் கலக்கத்தில் எழுதிய வரி, இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. பேனாவை எடுத்து அந்தப் பத்தியை முழுசாக அடித்தார். அதோடு நிற்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாத் தாளையும் சலித்து, ஓடை என்று வந்த இடம், வடக்குச் சரிவு என்று வந்த இடம், ஏன், காற்றில்லை என்று வந்த இடத்தைக்கூட விடாமல் அடித்தார். துப்பறிகிறவன் கையில் ஒரு நூலும் சிக்கக்கூடாது.

"அப்ப எல்லாமே காய்ந்த மேடுதான்," என்றாள் மிலேனா. "ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுடுங்க. அப்புறம் எங்கமேல பழி வரக்கூடாது பாருங்க."

சந்தோஷமாகப் போட்டார். அவள் போனபிறகு நோன்னாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"வந்தா பாரு, பெரிய கெட்டிக்காரி. காளானுக்கு வல வீசறா."

"அந்தப் பொண்ணு காளானுக்காக வரலைங்க."

"பின்ன?"

"அது தெரியல. ஆனா காளானுக்காக யாரும் புத்தகம் போடமாட்டாங்க."

"காளானைப் பத்தி நீ என்னத்த கண்ட?"

"நான்தான உப்புப் போடறேன்," என்றாள் நோன்னா.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. அழகான புத்தகம், பொய் சொல்லக்கூடாது. செப்டம்பர் தொடக்கத்தில் கலாச்சார மாளிகையில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டினார்கள். சுரங்கத்தில் கரிக்கு மேல் இருக்கும் மண்ணையும் பாறையையும் வெட்டி எடுத்துக் கொட்ட இடம் போதவில்லையாம். புது இடம் பார்த்திருக்கிறார்களாம்.

மேடையில் பெரிய வரைபடம். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த தலைவர் நடுவில், பக்கத்தில் மிலேனா, இந்தப் பக்கம் நகரத்திலிருந்து வந்த சுற்றுச்சூழல் நிபுணர். அரங்கம் நிறைந்திருந்தது. பஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரம்மா, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியார், முன்வரிசையில் சவேலியெவ்னா. நிபுணர் எழுந்து, கையில் வெனியமினின் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

"இந்த ஊரோட மதிப்புக்குரிய எழுத்தாளர் இத்தனை வருஷமா காட்டைக் கவனிச்சு எழுதினது இது. இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுது? அரிய பூக்கள், ஊற்று, பறவைகள் எல்லாம் காய்ந்த மேட்டுல இருக்கு. அதனால கம்பெனி பெரிய மனசு பண்ணி, காய்ந்த மேட்டுல கைவைக்கறதில்லன்னு முடிவெடுத்திருக்கு. சுத்தி வேலி போட்டு, எழுத்தாளர் பேரையே அதுக்கு வைக்கப்போறோம்."

கை தட்டினார்கள். சிலர் குனிந்து சிரித்தார்கள்.

"மண்ணைக் கொட்டறது இங்க." குச்சி வரைபடத்தில் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்ததும் வெனியமின் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லுகெரியாப் பள்ளம். எங்க ஆய்வு பனிக்காலத்துல நடந்தது, அப்ப அங்க எந்தச் செடியும் தென்படல. இந்தப் புத்தகத்துலயும் லுகெரியாப் பள்ளங்கற பேரு ஒரு தடவைகூட வரல. யாரும் போறதில்லாத எடம்."

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முறைப்படி கேக்கறேன். இந்தப் பள்ளத்துக்குக் காளானோ பழமோ எடுக்கப் போறவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க, பதிவு பண்ணிக்கறோம்."

ஒரு கைகூட உயரவில்லை. வெனியமின் திரும்பி அரங்கத்தைப் பார்த்தார். ஒரு இடத்தைப் பற்றித் தெரியாதவனிடம் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். தெரிந்தவன்தான் தரையைப் பார்ப்பான். அரங்கத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். மருந்துக்கடைக்காரம்மா கூரையில் விளக்குகளை எண்ணினாள். தன் ஒருவனுடையது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த காட்டுக்குள் ஊரில் பாதி, ஆளுக்கொரு வழியாக, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் போய்வந்திருக்கிறது என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, ஏனென்றால் இவர்களை அவருக்குத் தெரியும். இவர்கள் கையை வெட்டினாலும் தூக்கமாட்டார்கள்.

எழுந்து நின்றார்.

"நான் எழுதினது பொய்," என்றார். "காய்ந்த மேட்டுல ஒண்ணும் இல்ல. பூ, ஊத்து, காளான் எல்லாம் லுகெரியாப் பள்ளத்துல. நான் பேரை மாத்தி எழுதினேன்."

உடற்பயிற்சி வாத்தியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அட, அப்ப நெஜமாவே காய்ந்த மேட்டுலதான்யா இருக்கு. நாளைக்கே கூடையத் தூக்கிட்டுப் போயிடுவோம்."

அரங்கம் அதிரச் சிரித்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். புலி வருது கதையில் நிஜப் புலி வந்த நாளில் ஊர் நம்பாமல் இருந்ததே, அதே கதை.

"வெனியமின் புரோகோபிச்," என்றார் தலைவர் பொறுமையாக, "ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கே."

"இருக்கு. பொய்யின்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

"சரி, இப்ப சொல்றத உண்மைன்னு சொல்ல வேற யாராவது இருக்காங்களா?"

அவர் முன்வரிசையைப் பார்த்தார். "சவேலியெவ்னா, நீ சொல்லு. ஓடைக்கு அந்தப்பக்கம், நீல முக்காடு கட்டிக்கிட்டு. நான் என் கண்ணால பாத்தேன். தயவுபண்ணி சொல்லும்மா."

சவேலியெவ்னா மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் அப்பாவித்தனம் வழிந்தது. "நானா? என் முட்டிக்கு நான் மாடிப்படியே ஏற மாட்டேன். எனக்குக் காளான் வேணும்னா கடையில டப்பா வாங்கிக்கறேன்."

மறுபடி சிரிப்பு. மிலேனா மட்டும் சிரிக்கவில்லை, மேசைமேல் இருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபம் ஒன்று. ஆதாரமில்லை' என்று பதிவாயிற்று. கூட்டம் முடிந்தது.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது நோன்னா சொன்னாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எழுந்து நின்னிருப்பேன்."

ஊர் சிரித்ததில் வராத வலி அந்த ஒரு வாக்கியத்தில் வந்தது. பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கூடையை நோன்னா கையில் கொடுத்து, வா என்றார். சுற்றுவழியில் போகவில்லை. ஊர் நடுவே, கடைத்தெரு வழியாக, பாலத்தைத் தாண்டி நேராகக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளத்தின் சரிவில் இறங்கியதும் நோன்னா நின்றுவிட்டாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், அது தன்னுடைய நெஞ்சுதானா என்று சோதிப்பவள் போல. "இங்க இருமலே வரல," என்றாள். வெட்டவேண்டிய மரங்களில் கம்பெனி ஆட்கள் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தார்கள். அநேகமாக எல்லா மரத்திலும்.

அவர்கள் தனியாக இல்லை. கீழே ஊற்றுப் பக்கம் பஸ் டிரைவர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஒரு புதருக்குப் பின்னால் போனார். மருந்துக்கடைக்காரம்மாவின் மஞ்சள் கோட்டு மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்தது. தூரத்தில் உடற்பயிற்சி வாத்தியாரின் தொப்பி. ஊரில் பாதி அங்கே இருந்தது, ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை என்ற பாவனையில், பெயின்ட் பூசிய மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

நாலடி தள்ளி ஒரு மரத்தைச் சுற்றி சவேலியெவ்னா வந்து நின்றாள். நீல முக்காடு. முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. கூடை நிரம்பி வழிந்தது. சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ எங்கய்யா இங்க?"

"எப்பவும் இங்கதான் வருவேன்," என்றார் வெனியமின். "கூட்டத்துல அத்தன பேரு முன்னால சொன்னனே."

அவள் அவரையும் நோன்னாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் இருந்த மரத்தில் பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, அதன் சிவப்பு அவளுடைய கோட்டுக் கையில் ஒட்டியிருந்தது.

"நான் வழி தவறி வந்துட்டேன்," என்றாள். குனிந்து நாலு பெரணி இலையைக் கிள்ளிக் கூடையை மூடினாள். போகிறவள் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"யாருகிட்டயும் இந்த எடத்தச் சொல்லிடாதீங்க. அப்புறம் ஊரே வந்து அழிச்சிடும்."